கழுத்துவரை புதைந்த பானைகள்

ஜார்ஜியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒயினைப் பற்றித்தான் பேசினார்கள். நான் கிளம்பியது பானைக்காக.

எங்களுடையது மண்பாண்டம் செய்த வீடு. கை நடுங்க ஆரம்பிக்கும்வரை அப்பா சக்கரத்தை விடவில்லை. எனக்கு அந்த வேலை கைக்கு வரவில்லை, கணக்கு எழுதப் போய்விட்டேன். ஆனால் மண் மிதித்த பழக்கம் காலில் இருக்கிறது. சூளை பிரிக்கிற அன்று வீட்டில் இருக்கும் படபடப்பும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவுகிற அளவுக்குப் பெரிய தாழியை இன்றைக்கும் வெறும் கையால் வனைகிறார்கள், அதைச் சுட்டு, வாய் மட்டும் தெரியும்படி நிலத்தில் புதைத்து, உள்ளே ஒயினை நொதிக்க விடுகிறார்கள் என்று ஒரு புகைப்படத்தின் கீழே படித்தேன். அன்றிலிருந்து வேறு எந்த ஊரையும் பார்க்கத் தோன்றவில்லை. 2023 அக்டோபர் முதல் வாரத்தில்தான் போக வாய்த்தது.

அந்தத் தாழியின் பெயர் க்வெவ்ரி. அவை புதைந்திருக்கும் அறையோ கொட்டகையோ, அது மரானி. திராட்சை அறுவடைக்கு ர்த்வேலி. இந்த மூன்று சொல்லைத் தெரிந்துகொண்டு போனால் போதும். மற்றதை அவர்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

தலைநகர் திபிலீசியில் இறங்கிய மறுநாள் காலையில் ருஸ்தவேலி சாலையில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். தலைநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்று இரண்டு புதிய கற்கால மேடுகள் உண்டு. அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளைச் சோதித்தபோது டார்ட்டாரிக் அமிலத்தின் தடம் கிடைத்தது. பானைக்குள் திராட்சை இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. காலம் கி.மு. 6000க்கும் 5800க்கும் இடையில். ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதுவரை மிகப் பழையவை என்று சொல்லப்பட்ட ஈரான் ஓடுகளைவிட இவை 600 ஆண்டாவது முந்தியவை. ஜார்ஜியாவில் எந்த ஒயின் கடைக்குப் போனாலும் 8,000 ஆண்டு என்று எழுதி வைத்திருப்பது இதை நம்பித்தான்.

காட்சியில் இருந்த ஒரு பானையின் மேல்பகுதியில் உருண்டை உருண்டையாகப் புடைப்புகள். திராட்சைக் கொத்து என்கிறார்கள். எனக்கு அதைச் செய்த விரல்தான் தெரிந்தது. மண்ணைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, பானையின் ஈரம் போவதற்குள் ஒட்டி, ஓரத்தைத் தடவி விட்டிருக்கிறார்கள். ஒட்டுகிற இடத்தை முதலில் கீறி நனைத்துக்கொள்ளவில்லை என்றால் காயும்போதே உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி எத்தனையோ உதிர்ந்திருக்கிறது. இது இத்தனை ஆயிரம் ஆண்டாக உதிரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் போன ஒயின் சுற்றுலா எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே நாளில் ஆறு இடம் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போனாலும் எஃகுத் தொட்டிகள், ஒரு கடை, நான்கு கோப்பை ருசி, மறுபடி வேன். ஓரிடத்தில் மட்டும் தடுப்புக்கு அப்பால் க்வெவ்ரியின் வாய்கள் வரிசையாகத் தரையில் தெரிந்தன. "இதையெல்லாம் செய்தது யார்?" என்று கேட்டேன். கூட்டிவந்தவர் ஒயின் செய்பவரின் பெயரைச் சொன்னார். "ஒயின் இல்லை, பானை" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்ல நேரமும் இல்லை, வேன் கிளம்பிவிட்டது. புட்டியில் ஒட்டிய தாளில் திராட்சையின் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆறு மாதம் அந்த ஒயினை வயிற்றில் வைத்துக் காத்த பானையைச் சுட்டவரின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. அன்றைக்கு அது மனதை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

மறுநாள் தனியாகவே கிளம்பிவிட்டேன்.

நாட்டின் ஒயினில் பெரும்பங்கு கிழக்கே கஹேத்தி மாகாணத்திலிருந்து வருகிறது. ஷேர் டாக்ஸி கோம்போரி மலைப்பாதையில் ஏறி இறங்கத் தொடங்கும்போது அலசானி ஆற்றுச் சமவெளி கண்ணுக்கு எட்டும்வரை விரிகிறது. அதற்கு அப்பால் சுவர் எழுப்பியதுபோல் காக்கசஸ் மலை, உச்சியில் பனி. கீழே இறங்கியதும் சாலை முழுக்கத் திராட்சை வண்டிகள். லாரியும் டிராக்டரும் போக, பழைய சோவியத் கார்களின் மேலேயும் பின்னாலேயும் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி கடந்துபோன பிறகும் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை காற்றில் நின்றது. தெலாவி ஊருக்குள் நுழையும்வரை அந்த வாசனை கூடவே வந்தது.

தெலாவியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். நடந்துபோகிற தூரத்தில் 900 வயதான சினார் மரம் ஒன்று இருக்கிறது, சாயங்காலம் ஊரே அதன் அடியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் பெபியா என்றார்கள். பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மருமகனுக்கு ஆங்கிலம் தெரியும், அடுத்த சில நாள் அவர்தான் எனக்கு வாய். முதல் நாள் இரவு அவருடைய பையன் "மாமா, மாமா" என்று ஓடிவந்து அவர் மடியில் ஏறினான். ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்குத்தான் மாமா. அம்மாவுக்கு தேதா, ரொட்டிக்குப் பூரி. சாப்பாட்டு மேசையில் பூரி என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். ஒயின் பார்க்க வந்தவர்களை அந்த வீடு நிறையப் பார்த்திருக்கிறது, பானை பார்க்க வந்தவன் நான்தான் முதல் ஆள். பெபியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்துப் பார்த்தார். "வர்டிசுபானியில் இருக்கிறார்கள். எங்கள் மரானியில் இருப்பது அந்த வீட்டுப் பானைதான். நாளைக்குப் போகலாம்" என்றார்.

வர்டிசுபானி தெலாவிக்குப் பக்கத்துக் கிராமம். க்வெவ்ரி செய்யத் தெரிந்த குடும்பங்கள் நாட்டில் இன்று கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. மேற்கே இமெரெத்தி, குரியா பக்கம் சில ஊர்கள், கஹேத்தியில் இந்த ஊர். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று வருகிற வேலை. கதவைத் திறந்தால் முற்றத்தில் பானைகள் சாய்ந்து கிடந்தன, ஒவ்வொன்றும் என் உயரம். அவை முட்டை வடிவில் இருந்தன. வயிறு பெருத்து, அடி கூம்பிப் போயிருந்தது. நிற்க வைத்தால் நிற்காது. நிற்கவும் வேண்டியதில்லை, அது நிலத்துக்குள் போகிற பொருள்.

உள்ளே பட்டறையில் பெரியவர் வேலையில் இருந்தார். எழுபதுக்கு மேல் வயது இருக்கும். அங்கே சக்கரம் இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் போனேன், ஆனாலும் சக்கரம் இல்லாத குயவர் பட்டறையைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அடிப்பகுதியை முதலில் செய்து தாங்கலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பிறகு மண்ணைக் கைத்தடிமனுக்குத் திரியாக உருட்டி, விளிம்பின்மேல் சுற்றிவைத்து, உள்பக்கம் ஒரு கையும் வெளிப்பக்கம் ஒரு கையுமாக அழுத்தி ஏற்றுகிறார்கள். பானை நின்ற இடத்தில் இருக்கும். சுற்றி வருவது ஆள்தான். பெரியவர் பின்பக்கமாக நடந்து நடந்து ஒரு சுற்று முடித்தார். தானியம் கொட்டி வைக்கிற குதிர்களை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் செய்வார்கள், திரிமேல் திரியாக.

ஒரு தடவைக்கு ஒரு சாண் அளவுக்குத்தான் ஏற்ற முடியும். அதற்கு மேல் வைத்தால் கீழ் மண் எடை தாங்காமல் தொங்கிவிடும். முழுக்கக் காய்ந்துபோனாலும் ஆகாது, அடுத்த திரி ஒட்டாது. அதனால் விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு அடுத்த பானைக்குப் போய்விடுகிறார். அன்றைக்கு ஆறு பானை ஆறு உயரத்தில் நின்றன. ஒன்று முழங்கால் அளவு, ஒன்று இடுப்பளவு, ஒன்றுக்குக் கழுத்து மட்டும் பாக்கி. பெரிய பானை ஒன்று முழுசாக எழும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும்.

"உன் அப்பாவும் இதே வேலையா?" என்று மருமகன் மூலமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். இடுப்பளவில் நின்ற பானையின் துணியை விலக்கி, விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். தோசை மாவுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அதைச் சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். "இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன். அவர் தலையாட்டினார். அதன்பிறகு என்னிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசவில்லை, பட்டறையில் இருக்கிற ஆளிடம் பேசுவதுபோல் பேசினார்.

சூளை செங்கல்லில் கட்டிய அறை மாதிரி இருக்கிறது. காய்ந்த பானைகளை நாலைந்து பேர் தூக்கி உள்ளே அடுக்கியதும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். முதலில் சின்னத் தீ. உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் பானை வெடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் பானை தகதகவென்று சிவக்கும்வரை எரிக்கிறார்கள். ஏற்றி, எரித்து, ஆற வைத்துப் பிரிப்பதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். ஒரு சூளையில் எத்தனை கீறும் என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் வானத்தைக் காட்டினார். அப்பாவும் அதையேதான் செய்வார்.

சுட்ட பானை சூடு முழுக்க ஆறுவதற்கு முன்பே தேன்மெழுகை உருக்கி உள்சுவரில் பூசுகிறார்கள். சூட்டில் மெழுகு சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பானையை முழுக்க அடைத்துவிடுவது நோக்கமில்லை. ஒயின் கசியக் கூடாது, கழுவும்போது சுத்தமாக வர வேண்டும், அதே சமயம் பானை துளி மூச்சு விடவும் வேண்டும். வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு. முற்றத்தில் கிடந்த பானை ஒன்றைக் காட்டி, தட்டு என்றார். விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்று கோயில் மணிபோல் ஒரு சத்தம் எழுந்து, பானையின் வயிற்றுக்குள் சுற்றிவிட்டு வாய்வழியாக வந்தது. எங்கள் வீட்டுப் பானையும் நல்ல வேக்காட்டில் கணீரென்றுதான் சொல்லும், ஆனால் அது கைமணி. இது வேறு. இரண்டு பேரும் சத்தம் அடங்கும்வரை பேசாமல் நின்றோம்.

இந்த வேலையையும் இதில் ஒயின் செய்யும் முறையையும் 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பெரியவர் வீட்டுச் சுவரில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. அவருடைய அப்பாவின் படம் இருந்தது.

மறுநாள் பெபியா வீட்டில் ர்த்வேலி.

அவர்களுடைய தோட்டம் பெரிதில்லை. பாதிக்கு மேல் ர்கட்சிதெலி, வெள்ளைத் திராட்சை. பழுக்கும்போது அதன் காம்பு சிவந்துபோகும், பெயருக்கும் அதுவே பொருள். மீதியில் ஸப்பெராவி, கருப்பு. பெரும்பாலான கருப்புத் திராட்சைகளுக்குத் தோலில்தான் நிறம், உள்ளே சதை வெளுப்பாக இருக்கும். ஸப்பெராவிக்குச் சதையும் சிவப்பு. பறித்த கையில் சாயம் ஏறி மூன்று நாள் போகவில்லை. ஓரமாக நாலு வரிசை கிஸி. அந்த நாலு வரிசையைப் பற்றித்தான் பெபியா அதிகம் பேசினார். நாட்டில் 500க்கும் மேற்பட்ட திராட்சை வகைகள் இருக்கின்றன. சோவியத் காலத்தில் அரசுப் பண்ணைகளுக்கு அதிகம் காய்க்கிற ஒரு சில வகைகளே போதும் என்றாகிவிட்டது. கிஸி போன்றவை வீட்டுக் கொல்லையில் ஒதுங்கித்தான் பிழைத்தன. 1985இல் கோர்பசேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகக் கொடியைப் பிடுங்கினார்கள். பெபியாவின் மாமனார் அந்த நாலு வரிசையில் கையை வைக்க விடவில்லையாம்.

பிறகு 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, ஒரே நாளில் நின்றுபோயிற்று. 2013வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அந்த வருடங்களில்தான் பலர் மலிவு ஒயினை விட்டுவிட்டு, தாத்தாவின் மரானியைத் தூசி தட்டித் திறந்து, வேறு நாடுகளுக்கு அனுப்பும் தரத்தில் செய்யத் தொடங்கினார்கள் என்று மருமகன் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் பெருமையும் இருந்தது, அப்போது பட்ட பாடும் இருந்தது.

திராட்சை வந்து சேர்வதற்கு முன்பே பானையைக் கழுவ வேண்டும். இதை எந்த ஒயின் சுற்றுலாவிலும் காட்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அங்கே பார்த்ததிலேயே மறக்க முடியாத காட்சி இதுதான். மரானியில் ஏழு வாய்கள். பெரிய பானையின் கல்மூடியை நகர்த்திவிட்டு, மருமகன் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். அணையாமல் எரிந்தது. ஒயின் நொதித்த பானையின் அடியில் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருக்கும். அது தெரியாமல் இறங்கினால் மூச்சு நின்றுவிடும். பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார், தலை மறைந்துபோயிற்று. செர்ரி மரப்பட்டையை மடிப்பு மடிப்பாக அடுக்கிக் கட்டிய ஒரு தேய்ப்பான் இருக்கிறது. அது சுவரைக் கீறாது, மெழுகையும் எடுக்காது. அதை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். உள்ளிருந்து அவர் பாடியது பானையே பாடுவதுபோல் கேட்டது. அழுக்குத் தண்ணீரை நாங்கள் வாளியால் வாங்கி வாங்கிக் கொட்டினோம். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ வந்த தண்ணீரைப் பெபியா கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஒரு வாய் குடித்தார், போதும் என்றார்.

திராட்சையை மிதிப்பது ஸத்ஸ்நஹெலி என்ற மரத்தொட்டியில். முழு மரத்தைக் குடைந்து செய்தது, ஓடம் மாதிரி இருக்கும். காலைக் கழுவிக்கொண்டு ஏறினோம். மண் மிதித்த காலுக்கு இது ரொம்ப இளகியது. ஆனால் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்குச் சுற்றிச் சுற்றி வருகிற மிதி ஒன்றுதான். என்னைப் பார்த்துவிட்டுப் பெபியா ஏதோ சொன்னார். "இவன் ஏற்கனவே செய்திருக்கிறான்" என்று மருமகன் சொல்லிக் காட்டினார்.

சாறு தொட்டியின் துளை வழியாகப் பானைக்குப் போகிறது. பின்னாலேயே தோல், விதை, காம்பு எல்லாம். இந்தச் சக்கைக்குச் சாச்சா என்று பெயர், இதைக் காய்ச்சி வடிக்கிற சாராயத்துக்கும் அதே பெயர்தான். கஹேத்தியில் வெள்ளைத் திராட்சையைக்கூட இப்படிச் சக்கையோடு போட்டுவிடுகிறார்கள். மேற்கே இமெரெத்தியில் ஒரு பங்கு சக்கை மட்டும் போடுவார்கள், காம்பு சேர்ப்பதில்லை, அதனால் அங்கே ஒயின் மென்மையாக இருக்கும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. தோலில் இருப்பதே போதும், இரண்டொரு நாளில் பொங்க ஆரம்பித்துவிடும். பொங்கும்போது சக்கை மேலே வந்து தொப்பிபோல் நிற்கும். அதை நாளைக்கு மூன்று நான்கு தடவை கழியால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். இரவிலும் எழுந்து போவார்கள். பொங்கி அடங்கிய பிறகு கல்மூடி போட்டு, களிமண்ணால் ஒட்டிவிட்டால் வசந்த காலம்வரை திறப்பதில்லை.

அந்த ஆறு மாதத்தில் பானையின் வடிவம் வேலை செய்கிறது. விதைகள் முதலில் இறங்கிக் கூம்பிய அடியில் அடைந்துவிடும். அதன்மேல் தோல் வந்து மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு ஒயினில் ஏறாமல் தோலே காத்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் நிலம் வெயிலிலும் பனியிலும் ஏறக்குறைய ஒரே சூட்டில், 14, 15 டிகிரியில், வைத்திருக்கும். வளைந்த சுவர் காரணமாக உள்ளே ஒயின் தானாகவே மெல்லச் சுழன்று தெளியும். இப்படித் தெளிந்து நிற்பதற்குத் தமிழில் தேறல் என்று ஒரு சொல் இருப்பது அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது. நிலத்தில் புதைத்துப் பழுக்க வைத்த தேறலைப் பற்றி நம்முடைய பழைய பாட்டிலும் உண்டு. வடிகட்டி எதுவும் இல்லாமல் ஒரு பானையும் கொஞ்சம் பொறுமையும் செய்கிற வேலை இது. இதைக் கண்டுபிடித்தவர் திராட்சைக்காரரா குயவரா என்று கேட்டால் நான் குயவர் பக்கம்தான் நிற்பேன்.

மற்ற இடங்களுக்கும் போனேன். சினந்தாலியில் கவிஞர் அலெக்சாண்டர் சவ்சவாத்சேயின் மாளிகை, தோட்டம், பழைய புட்டிகள். ஐரோப்பிய முறையில் ஒயினைப் புட்டியில் அடைப்பது இந்த நாட்டில் அவர் வீட்டில்தான் தொடங்கியது என்கிறார்கள். க்வாரெலியில் மலையைக் குடைந்த சுரங்கத்தில் புட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது. எனக்கு இரண்டும் பார்த்தாயிற்று என்பதோடு சரி. அலவெர்தி மடம் அப்படியில்லை. சமவெளியின் நடுவே 11ஆம் நூற்றாண்டின் பெரிய கோயில், அதன் மதிலுக்குள் துறவிகளின் மரானி. அவர்கள் இன்றைக்கும் ஒயின் செய்கிறார்கள். புட்டியில் 1011 என்ற வருடத்தைப் போடுகிறார்கள். அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள், பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கருப்பு அங்கி அணிந்த ஒரு துறவி குனிந்து பானையின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கருவறையில் விளக்கைத் துடைப்பது போலத்தான் அதைச் செய்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு மரானி போதும், மிஞ்சினால் இரண்டு. வீட்டு மரானிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஏனென்றால் அவர்கள் உங்களுக்காகச் சமைப்பார்கள். அப்புறம், பானையை யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறுவடை முடிந்த இரவு சுப்ரா, அதாவது விருந்து. மேசையில் இடம் இல்லாமல் தட்டின்மேல் தட்டு. வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய், மண்சட்டியில் பீன்ஸ், பாலாடைக்கட்டி, தோனே என்ற தரையடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி, திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சியை எரித்து அந்தத் தணலில் வாட்டிய இறைச்சி. பெபியா பகலெல்லாம் வால்நட்டை நூலில் கோத்து, காய்ச்சிக் குறுக்கிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கித் தொங்கவிட்ட சுர்ச்ஹேலா மெழுகுவத்திபோல் வரிசையாக வாசலில் காய்ந்துகொண்டிருந்தது.

முந்தின வருடத்து ர்கட்சிதெலியை எனக்காகத் திறந்தார்கள். மருமகன் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கல்லை நகர்த்தி, நீளக் கம்பில் செருகிய சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டார். வெள்ளைத் திராட்சையின் ஒயின், ஆனால் கடுந்தேநீரின் நிறம். அம்பர் ஒயின் என்று சொல்கிறார்கள். நான் குடிக்கப் பழகியவன் இல்லை, அதனால் மெதுவாகத்தான் குடித்தேன். முதலில் உலர்ந்த ஆப்ரிகாட், பிறகு நல்ல துவர்ப்பு, கடைசியில் நாக்கில் மழை விழுந்த மண்ணின் வாசனை ஒரு கணம். அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சுப்ராவில் நினைத்தபோது குடிக்க முடியாது. தமதா என்று ஒருவர் இருப்பார், அன்றைக்கு பெபியாவின் தம்பி. அவர் எழுந்து ஒன்றை வாழ்த்திப் பேசுவார், பேசி முடித்ததும் எல்லோரும் "கௌமர்ஜோஸ்" என்பார்கள். வெற்றி உண்டாகட்டும் என்று பொருள். அப்போதுதான் கோப்பை வாய்க்குப் போகும். முதலில் கடவுளுக்கு, பிறகு அமைதிக்கு, நாட்டுக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நிமிடம். யாரும் கைபேசியைத் தொடவில்லை. இறந்தவர்களுக்கான முறை வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். தமதா பேசிவிட்டு என் பக்கம் திரும்பி "அலவெர்தி" என்றார். பேச்சை உன்னிடம் தருகிறேன் என்று அர்த்தம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சக்கரத்தின் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் விதம், சூளை பிரிக்கிற அன்று சாப்பிடாமல் இருப்பது, எங்கள் பானையில் பொங்கியவர்கள் யாருக்கும் அவர் பெயர் தெரியாமல் போனது. பிறகு, இந்த ஒயின் இருந்த பானையைச் செய்தவருக்காகவும் என்று முடித்தேன். மருமகன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெபியா குறுக்கே பேசினார். அந்தப் பெரிய பானை வர்டிசுபானிப் பெரியவரின் அப்பா செய்தது. பெபியாவின் மூத்த மகள் பிறந்த வருடம் வாங்கியது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள், அவரே கூட நடந்து வந்து, குழியில் இறக்கி, மண் மூடும்வரை இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் பெயரைச் சொன்னார். அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பிறகு என் அப்பாவின் பெயரைக் கேட்டார்கள். இரண்டு தடவை சொல்ல வைத்துச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி, போனவர்களுக்கு அங்கே செய்கிற வழக்கப்படி ரொட்டித் துண்டின்மேல் சில சொட்டு விட்டார்கள். நானும் விட்டேன்.

விடியற்காலையில் மரானிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். மருமகன் புதுச் சாற்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், சக்கை மேலே எழும்பிப் பானையின் கழுத்துவரை வந்திருந்தது. ஒன்றும் பேசாமல் கழியை என் கையில் கொடுத்தார். அமுக்கினேன். கெட்டியாக எதிர்த்து நின்று, பிறகு வழிவிட்டது. கீழேயிருந்து ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம் ஏறி வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் அடுத்த பானையின் மூடியைத் திறக்கப் போய்விட்டார்.